சிவப்புக் கோடு விழாத பக்கம்

கடிதம் எழுதியவர் 63 வயதுப் பெண். தென் மாவட்டம் ஒன்றில் 34 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் எழுதிவைத்த நோட்டுகளை வைத்து 312 பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது, இரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆனது. இப்போது அச்சுக்குப் போகும் நேரத்தில் 14 இடங்களில் சிவப்புக் கோடு போட்டு மெய்ப்பு திரும்பி வந்திருக்கிறது. "இதையெல்லாம் எடுத்தால்தான் அச்சு. இல்லையென்றால் டிடிபி, அட்டை வேலைக்கு ஆன 28,000 ரூபாயைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார் பதிப்பாளர். இதற்கிடையில் ஊரில் சாதிச் சங்கப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் போன் செய்து, "அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க நர்சம்மா" என்று சொல்லியிருக்கிறார். கலெக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டால் பிரச்சினை வராது என்பது தம்பியின் யோசனை.

அவர் கேட்பவை இவை. நான் சம்மதிக்காமல் பதிப்பாளர் வெட்ட முடியுமா? வெட்ட மாட்டேன் என்றால் அவர் அச்சடித்தே ஆக வேண்டுமா? அப்படியே வந்தால் என்னைக் கைது செய்வார்களா? "கதையும் மாந்தர்களும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் போதாதா?

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பை இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். சட்டக் கண்ணோடு படிக்கத்தான் உட்கார்ந்தேன். நாலாம் அத்தியாயத்தில் கரண்ட் இல்லாத மழை ராத்திரியில், டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு பார்க்கும் அந்தப் பிரசவத்துக்கு வந்தபோது நான் வக்கீல் என்பதே மறந்துபோனது. அந்தப் பக்கத்தில்தான் முதல் கோடு. "பனிக்குடம் உடைந்த ஈரம் வாசற்படி வரை வந்து, சாணி மெழுகிய தரையில் கறுப்பாக நின்றது" என்ற வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "அவள் பிள்ளை பெற்றாள் – இது போதும்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு விழுந்த 14 இடங்களில் 12 அப்படியே நிற்கலாம். இரண்டைக் கொஞ்சம் மாற்றினால் நல்லது. ஆனால் கோடே விழாத ஓர் அத்தியாயம் இருக்கிறது, ஒன்பதாவது. பதிப்பாளர் அதைத் தாண்டிப் போய்விட்டார், நீங்களும் அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை இப்போது இருக்கிறபடி அச்சடிக்கக் கூடாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கலெக்டர் அனுமதி என்று ஒன்று இல்லை

தம்பி நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அப்படி ஓர் அனுமதியே சட்டத்தில் கிடையாது. சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். புத்தகத்துக்கு எந்த அதிகாரியிடமும் முன்கூட்டிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 1954-ஆம் ஆண்டின் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அதுவும் வெளியான பிறகு, பாதுகாத்து வைப்பதற்காக.

இதில் நம் ஊர் வழக்கு ஒன்றே நாடு முழுவதற்கும் வழிகாட்டி. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போகிறது என்றதும், சிறைத்துறை அதை நிறுத்தப் பார்த்தது. அதிகாரிகள் சிலரின் பெயர் கெடும் என்ற பயம். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அவதூறு வரக்கூடும் என்று பயந்து, வெளிவருவதற்கு முன்பே ஒரு எழுத்தைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை, வெளியான பிறகு, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள். இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஒன்பதாம் அத்தியாயத்தில் அதுதான் நமக்கு எதிராக நிற்கிறது.

அரசுக்கே இல்லாத அதிகாரம் சங்கக்காரருக்கு எங்கிருந்து வரும்? அவரிடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டாதீர்கள். மரியாதையாக, "புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை காட்டிவிட்டால் அடுத்து 'இந்தப் பக்கத்தை எடுங்கள்' என்பார், அதற்கடுத்து 'எடுப்பதாக ஒத்துக்கொண்டார்' என்று ஊரில் சொல்வார்.

பதிப்பாளர் போட்ட கோடு, நீங்கள் போட்ட கையெழுத்து

உங்கள் ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தியில் "பதிப்பாளர் தேவையான திருத்தங்களைச் செய்துகொள்ளலாம்" என்று இருக்கிறது. அதைக் காட்டி, 'நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே' என்கிறார். எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒரே பெயர் இரண்டு விதமாக வருவது இவற்றைத் திருத்த அந்த வரி போதும். காட்சிகளை வெட்டி எடுக்க அது போதாது என்பது என் கருத்து. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் படைப்பாளியிடம் தங்கிவிடும் இரண்டு உரிமைகளை அது சொல்கிறது: இதை எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, தன் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால், வெட்டினால், மாற்றினால், அதைத் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உரிமை. ஆக, உங்களிடம் கேட்காமல் அவரே வெட்டி உங்கள் பெயரில் வெளியிட்டால் நீதிமன்றத்துக்குப் போக இடம் இருக்கிறது.

ஆனால் இங்கே நீங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். "ஒப்பந்தம் போட்டாச்சு, அப்படியே அச்சடித்துத்தான் ஆகணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. வெட்டக் கூடாது என்று தடுக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல, 'இதை நான் போடவில்லை' என்று ஒதுங்கும் உரிமை அவருக்கும் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கேட்கலாம், பிடிவாதமாக அச்சடிக்க வைக்கும்படி ஒரு நீதிமன்ற உத்தரவு கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். அவருடைய பயத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவதூறு வழக்கு என்று வந்தால் எழுதியவரோடு நிற்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அச்சடித்தவரையும் விற்றவரையும் சேர்த்தே பிடிக்கிறது. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் போடும் ஒரு சிறிய பதிப்பாளருக்கு வெளியூர் கோர்ட்டில் நான்கு வாய்தா என்றாலே முதலும் போய்விடும். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. வக்கீலிடம் கேட்காமல் தானே பயந்து, தானே கோடு போட்டிருக்கிறார்.

28,000 ரூபாய் விஷயம்: உங்கள் ஒப்பந்தத்தில் அப்படித் திருப்பிக் கட்டச் சொல்லும் வரி எதுவும் இல்லை. இல்லாத வரிக்குப் பணம் கட்ட வேண்டாம். வேறு பதிப்பகத்துக்குப் போவதென்றால், இவரிடமிருந்து "உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்குவதுதான் முக்கியம். ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் குறிப்பிடவில்லை என்பதால், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அது ஐந்து ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, அந்த உரிமை காலாவதியாகும். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. கசப்பாகப் பிரிய வேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் கவனிக்காத பத்தி எட்டாவது. "நூலால் வரும் அனைத்து வழக்குச் செலவுகளும் ஆசிரியரைச் சேரும்" என்கிறது. இது இருக்கும்போது வெட்டும் அதிகாரமும் தன்னிடம் வேண்டும் என்று அவர் கேட்பது நியாயமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ள முடியும் என்று நேராகச் சொல்லிப் பேசுங்கள்.

கோடு விழுந்த இடங்கள்

*பிரசவக் காட்சிகள், ஐந்து இடம்.* ஆபாசம் என்று குறித்திருக்கிறார். 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய ஆங்கிலேயர் கால அளவுகோலைக் கைவிட்டது. படைப்பை முழுதாகப் பார்க்க வேண்டும், இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் கண்ணால் பார்க்க வேண்டும், காம இச்சையைத் தூண்டும் நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலக்கியம், அறிவியல் போன்ற பொது நன்மைக்கான நூல்களுக்குச் சட்டமே விலக்கும் தருகிறது. ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு தாய் சாவதைப் படித்து எவனுக்கு இச்சை தூண்டப்படும்? ஒரு சொல்லையும் எடுக்காதீர்கள். "அவள் பிள்ளை பெற்றாள்" என்று எழுத 34 வருட அனுபவம் தேவையில்லை.

*சாமியாடி வரும் இரண்டு இடம்.* குலசாமி கோயில் கொடையில் சாராயம் படைப்பதும், சாமி இறங்கியவர் அதைக் குடித்துவிட்டு ஊர்ப் பெரியவரைத் திட்டுவதும் மத உணர்வைப் புண்படுத்தும் என்று பயப்படுகிறார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவுக்கு வெறுமனே யாராவது புண்பட்டால் போதாது. வேண்டுமென்றே, வன்மத்தோடு, ஒரு மதத்தை இழிவுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். நீங்கள் அந்தக் கோயிலில் பொங்கல் வைத்து வளர்ந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

கேரளத்தில் 2018-இல் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குத் தெம்பு வரும். எஸ். ஹரீஷ் எழுதிய 'மீச' நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் ஒரு பத்திக்காக மிரட்டல்கள் வந்து, மூன்று வாரத்தில் தொடர் நின்றது. அந்தப் பகுதிகளை நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். ஒரு துண்டைப் பிய்த்தெடுத்துப் படிக்கக் கூடாது, பாத்திரத்தின் பேச்சைக் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த ஆண்டு செப்டம்பரில் மனுவைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். நாவல் முழுதாகப் புத்தகமாகவும் வந்தது.

*சாதிச் சொல் வரும் நான்கு இடம்.* டீக்கடையில் இரட்டைக் குவளைக் காட்சி. பதிப்பாளர் சொல்லை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்திருக்கிறார். இதில் மட்டும் நிதானமாக யோசிக்கச் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் விளையாட்டு இல்லை. அதன் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனுக்கே தடை வைத்திருக்கிறது. முகாந்திரமே இல்லாத வழக்கில்தான் நீதிமன்றங்கள் அதைத் தளர்த்துகின்றன. அந்தச் சட்டம் எதற்காக வந்ததோ அந்தக் கொடுமையைத்தான் உங்கள் காட்சி காட்டுகிறது. மூன்று இடங்களில் சொல்வது கடைக்காரப் பாத்திரம், கதை அவமானப்பட்டவர் பக்கம் நிற்கிறது. அவை நிற்கலாம். நான்காவது இடத்தில், 148-ஆம் பக்கம், அந்தச் சொல் கதை சொல்லும் நர்ஸின் வாயிலிருந்தே வருகிறது, எந்தத் தேவையும் இல்லாமல், ஒரு தெருவைக் குறிக்க. நீங்கள் வளர்ந்த வீட்டில் அந்தத் தெருவை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கை தானாக எழுதியிருக்கும். அதை மாற்றுங்கள். மற்ற மூன்றையும் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த, நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். இதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை.

*குடும்பக் கட்டுப்பாடு முகாம், ஒரு இடம்.* மாதக் கணக்குக் காட்ட ஆள் பிடித்ததை எழுதியிருக்கிறீர்கள். அரசைக் குறை சொல்வது குற்றம் இல்லை. நிற்கட்டும்.

*ஒன்றியத் தலைவர் வரும் இரண்டு இடம்.* இங்கேதான் உங்கள் "கற்பனையே" வரியைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வரி கேடயம் ஆகாது. பெயரை மாற்றினாலும், 'அந்த வெள்ளை அம்பாசடர், அந்தக் காலை இழுத்து நடப்பது, இவர்தானே' என்று ஊரில் நாலு பேர் சொல்ல முடிந்தால் அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நிரூபிக்க முடியும். மனிதர் உயிரோடு இருக்கிறார் என்கிறீர்கள்.

ஆனால் துணைச் சுகாதார நிலையக் கட்டடத்தில் அவர் உர மூட்டை அடுக்கினார், அதனால் நீங்கள் மூன்று வருடம் வேப்பமரத்தடியில் தடுப்பூசி போட்டீர்கள் என்பது பொதுப் பதவியில் இருந்தவரின் பொது நடவடிக்கை. உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் இருந்தால் 356-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. நிறையப் பேர் 'உண்மையைத்தானே எழுதினேன்' என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மையும் வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. அப்போது மேலதிகாரிக்கு நீங்கள் எழுதிய புகாரின் கார்பன் பிரதி நோட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதை இன்றைக்கே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் நிற்கலாம். 203-ஆம் பக்கத்தில் அவருக்கு வேறொரு வீட்டோடு தொடர்பு என்று வரும் ஆறு வரியை எடுத்துவிடுங்கள். அதற்குச் சாட்சியும் இல்லை, பொது நன்மையும் இல்லை. அந்த வேறொரு வீட்டில் இருந்த பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. "புத்தகம் இன்னும் வரவில்லையே" என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த 203-ஆம் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அவதூறுச் சட்டத்தைப் பொறுத்தவரை மூன்றாம் மனிதர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தாலே வெளியீடுதான். அவர்களிடம் சொல்லி அழித்துவிடச் சொல்லுங்கள், இனிமேல் ஒரு பக்கத்தையும் அனுப்பாதீர்கள். சங்கக்காரருக்குச் சேதி எப்படிப் போனது என்பதற்கும் பதில் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் அத்தியாயம்

1998-இல் பதினான்கு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, ஐந்து மாத வயிற்றோடு, தாய் கூட்டிவர உங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருகிறது. சித்தப்பா முறைக்காரன் செய்தது. நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யாமல் விட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நாவலிலேயே கனமான அத்தியாயம் அதுதான். அதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் எது என்று இருக்கிறது. அப்பா மில்லில் வாட்ச்மேன், வீடு ரைஸ்மில்லுக்குப் பின்னால், அக்காவுக்குத் திக்குவாய். அந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய யார் படித்தாலும் இரண்டாவது பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி அச்சடிப்பதும் வெளியிடுவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228-ஏ என்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பெயர், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் ஊடகத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்று தனித்தனியாக அடுக்குகிறது. நீங்கள் வைத்திருக்கும் விவரங்களைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருக்கிறது அந்தப் பட்டியல். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயர் போடாவிட்டாலும் தூரத்துக் குறிப்பால்கூட அடையாளம் வெளிப்படக் கூடாது என்று சொன்னது. 'அன்றைக்குக் கேஸே பதிவாகவில்லையே' என்று இதிலிருந்து நழுவப் பார்க்காதீர்கள்.

நக்கீரன் வழக்கின் இன்னொரு பக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் எழுதலாம் என்று சொன்ன அதே தீர்ப்பு, அதற்கு ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் வெளிப்படுத்தி அவளை மறுபடியும் இழிவுக்கு ஆளாக்கக் கூடாது. அதிகாரிகளின் பயத்தைப் பொருட்படுத்தாத அதே நீதிபதிகள், இந்தப் பெண்களுக்காக மட்டும் நின்று யோசித்திருக்கிறார்கள்.

அம்மா, அந்தப் பிள்ளை நம்பி வந்தது ஒரு நர்ஸிடம். இப்போது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம், அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். அத்தியாயத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். அதை எடுத்தால் அந்தச் சித்தப்பாவுக்குத்தான் லாபம். அடையாளத்தை முழுக்கக் கலைத்து எழுதுங்கள். வருடம் மாறட்டும், அப்பாவின் வேலை மாறட்டும், அக்கா அண்ணனாகட்டும், ரைஸ்மில் வேண்டாம். உங்கள் ஒப்புதல் வாக்குமூலம் போல வரும் அந்தக் கடைசி மூன்று பக்கங்களுக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை.

வயது வந்த பெண் தானே எழுத்தில் சம்மதம் தரலாம் என்று 72-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. அதற்காக அவளைத் தேடிப் போகாதீர்கள். நீங்கள் அனுப்பும் கடிதத்தை அந்த வீட்டில் யார் பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஊர்ப் பெயரை நாவல் முழுவதுமே மாற்றிவிடலாமா என்பதையும் யோசியுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் பேச்சும் மண்ணும் கோயிலும் அப்படியே இருக்க, பெயர் ஒன்றை மாற்றினால் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பாதிப் பாதுகாப்பு அதிலேயே வந்துவிடும். முடிவு உங்களுடையது.

யாராவது கூப்பிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் புத்தகம் வந்து சத்தம் எழுந்தால் என்ன செய்வது? 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னால் சமாதானக் கூட்டத்தில் உட்கார வைத்து, நிபந்தனையில்லாத மன்னிப்பு, சர்ச்சைப் பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று கையெழுத்து வாங்கினார்கள். மனிதர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கூட்டத்து ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு எழுதியது. எழுத்தாளர் தனக்குச் சிறப்பாக வரும் வேலைக்கு உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்றும் முடித்தது. ஆகவே எந்தச் சமாதானக் கூட்டத்துக்கும் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். போனாலும் அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கலவரம் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் அதற்கும் பதில் உண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்பு வந்தபோது, எதிர்ப்பைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது, பேச்சுரிமையைக் காப்பது அதன் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கைது பயம் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவதூறு என்றால் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் தானாக வந்து பிடிக்க முடியாது. மத உணர்வு, பகைமை வளர்த்தல் போன்ற பிரிவுகளுக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை. இப்படிப்பட்ட பேச்சு, எழுத்து வழக்குகளில் எடுத்த எடுப்பில் எஃப்ஐஆர் போடாமல், உயர் அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மத உணர்வு, பகைமை வழக்குகளை நீதிமன்றம் கையில் எடுக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். அப்புறம், சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி யாராவது போன் செய்தால், பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது என்று சொல்லுங்கள். பெண் என்பதாலேயே அது உங்களுக்குப் பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவராகவே நோட்டீஸ் வந்தால் அது வேறு விஷயம், உடனே என்னையோ உங்கள் ஊர் வக்கீல் ஒருவரையோ கூப்பிடுங்கள். இவை ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைப் பிரிவுகள் என்பதால் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை.

வழக்கே வராது என்று என்னால் எழுதித் தர முடியாது. வந்தால் நிற்கக்கூடிய புத்தகமாக இதைச் செய்ய முடியும், அவ்வளவுதான்.

பதிப்பாளர் கொடுத்த கெடு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. முதலில் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுங்கள். 148, 203 ஆகிய பக்கங்களையும் சரிசெய்து மூன்றையும் சேர்த்து அவருக்கு அனுப்பி, "நீங்கள் பார்க்காமல் விட்ட ஆபத்தை நானே எடுத்துவிட்டேன். மற்ற 12 இடங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று மின்னஞ்சல் போடுங்கள். போனில் பேச வேண்டாம். கூடவே, ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தியில் "ஆசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன்" என்ற சொற்களைச் சேர்க்கக் கேளுங்கள். கடைசி மெய்ப்பில் உங்கள் கையெழுத்து விழாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்றும் ஒரு வரி வேண்டும். நாலாம் அத்தியாயத்துப் பிரசவத்துக்கு அவர் என்ன காரணம் எழுதுகிறார் என்று பார்க்க நானும் காத்திருக்கிறேன். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.